சுண்டுவிரல் செய்த வேலை

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாதது என் குற்றமே. வீட்டில் அனைவரும் நலம். ஆச்சியின் முழங்கால் வலி இப்போது தேவலாம். தை மாதம் அண்ணனின் அறுபதாம் ஆண்டுச் சாந்திக் கல்யாணத்துக்கு நீ வராமல் போனாயே என்று முதலில் கோபப்பட்டேன். இப்போது அதற்காகவே உனக்கு நன்றி சொல்கிறேன்.

பந்தி முடிந்து பட்டாசாலையில் எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, அய்யா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த அந்தப் பியானோவில் ஏதாவது வாசிக்கச் சொன்னார்கள். தொடக்க நிலைக் குழந்தைகளுக்கும் கொடுக்கப்படும் ஷோப்பானின் ஏ மைனர் வால்ட்ஸ் என்ற நடன இசையைத்தான் தொடங்கினேன். தாழ் ஏ கட்டையில் இறங்க வேண்டிய இடக்கைச் சுண்டுவிரல் பக்கத்து ஜி கட்டையில் போய் அமர்ந்தது. அதன்பின் கை அஞ்சிவிட்டது. தொலைவிலுள்ள கட்டைக்குக் கை பாயும் ஒவ்வொரு தாவலுக்கு முன்னும் தயங்கித் தயங்கியே முடித்தேன். “பெட்டி பழுதாப்பா?” என்று அப்பத்தா கேட்டது உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் இவ்வளவு நாள் எழுதவில்லை.

ஐந்து மாதம் லிஸ்டின் லா கம்பனெல்லா என்ற கடினமான பியானோ உருப்படியை உருட்டியவனுக்கா இந்தக் கதி என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். 1851இல் வெளிவந்த அந்த வடிவத்தில் வலக்கை இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) கூட, அதாவது ஏறக்குறைய ஒன்றரைச் சாண் தூரம், கண்ணிமைக்கும் நேரத்தில் தாவ வேண்டும். ஆனால் அதிலேயே விரைவும், அடுத்தடுத்த இரு கட்டைகளை மாறி மாறி அடிக்கும் டிரில்லும், ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அடிப்பதும் கலந்து கிடப்பதால், சறுக்கியது தாவலிலா வேறெதிலா என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவேயில்லை. தாவலைத் திருத்திக்கொள்ள நினைப்பவன், தாவலைத் தவிர வேறு கடினம் அதிகம் இல்லாத, ஒரே வகைத் தாவல் மீண்டும் மீண்டும் வருகிற உருப்படியைத் தேட வேண்டும் என்பது, அவமானப்பட்ட பிறகுதான் புரிந்தது.

எனவே அதே வால்ட்ஸுக்குத் திரும்பியிருக்கிறேன். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்த கூட்டத்தில் இடமிருந்து முதல் இடைவெளியில் உள்ள வெள்ளைக் கட்டை ஜி, இரண்டாவது இடைவெளியில் உள்ளது ஏ. நான் கூட்டத்தைச் சரியாகப் பிடித்து இடைவெளியில் தவறியிருக்கிறேன். இப்போது கண்ணை மூடி, கறுப்புக் கட்டைகளைத் தடவி, ஒலி எழுப்பாமல் ஏ கட்டையைத் தொட்டு நின்று, கை சரியான இடத்தில் இருப்பது உறுதியான பிறகே அழுத்துகிறேன். பியானோவை விட்டு வீணைக்கு ஓடிய உனக்கு ஒரு செய்தி: உன் வீணைத் தண்டின் 24 மெட்டுகள் சுரம் மேலே போகப் போக நெருங்கிவிடும், இங்கே எந்த ஆக்டேவும் ஏறக்குறைய 16.5 சென்டிமீட்டர்தான் என்பதால், அந்தத் தூரத்தைத் தோளே மனப்பாடம் செய்துகொள்கிறது.

அடுத்து, இதேபோல் இடக்கைத் தாவல் நிறைந்த, ஸ்காட் ஜாப்ளினின் 1899ஆம் ஆண்டு மேப்பிள் லீஃப் ராக் (Rag). ராக்டைம் என்னும் அந்த வகை இசையை வேகமாக வாசிக்கக் கூடாது என்று அவரே வற்புறுத்தியது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். அது கைவந்தால்தான், இடக்கை விடாமல் தாவிக்கொண்டேயிருக்கும் ஷோப்பானின் ஓபஸ் 25 தொகுப்பின் நான்காம் எட்யூட் (பயிற்சி உருப்படி). ஸ்கார்லாட்டியின் கே 120 என்ற எண்ணுள்ள சொனாட்டாவை ஒதுக்கிவிட்டேன். அதில் கைகள் ஒன்றையொன்று தாண்டிப் போவது தனி வித்தை, அதற்கு இந்த வயதில் எனக்குத் துணிவில்லை.

உன்னிடம் இரவல் வாங்கிய கம்பனெல்லா புத்தகத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மறுபடி கேட்டாலும் கொடுக்காதே.

அன்புடன்,
உன் மணி