கல்லீரல் புற்றுநோய் மார்க்கர்: யாரோடு ஒப்பிட்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

‘ரத்தப் பரிசோதனையிலேயே கல்லீரல் புற்றுநோய் தெரிந்துவிடும்’ என்று அடிக்கடி செய்தி வருகிறது. நோயாளிகளின் ரத்தத்தை யாருடைய ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள் என்பது மட்டும் அதில் இருப்பதில்லை.

ரத்ததானம் செய்ய வந்த ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால் பத்துப் புரதங்களாவது மார்க்கராக, அதாவது நோயைக் காட்டும் அடையாளமாகத் தெரியும். அவற்றில் பல, கட்டிக்கு முன்பே வந்துவிட்ட சிரோசிஸால் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) மாறியவை. சிரோசிஸ் இருந்தும் கட்டி இல்லாதவர்களோடுதான் ஒப்பிட வேண்டும். அங்கே பாதிப் புரதங்கள் உதிர்ந்துவிடும். சாம்பிளும் ஏமாற்றும். நோயாளியின் ரத்தக் குழாயை அரை மணியில் இயந்திரத்தில் சுழற்றி அணுக்களைப் பிரித்துவிட்டு, மற்றவருடையதை மாலைவரை மேசையில் விட்டால், சிவப்பணு உடைந்து கசிந்ததே ‘கண்டுபிடிப்பு’ ஆகிவிடும். ஒரே வகைக் குழாய், ஒரே நேர அளவு, மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்தல் என எதுவும் இருதரப்புக்கும் மாறக்கூடாது.

இப்போது கையில் இருக்கும் மார்க்கர், ஏ.எஃப்.பி. (ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன்) என்ற ரத்தப் புரதம். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டினால் கவனிக்கிறோம். ஆனால் ஹெபடைட்டிஸ் (கல்லீரல் அழற்சி) தீவிரமானாலும் ஏறும், கர்ப்பத்திலும் ஏறும். ஆரம்பக் கட்டிகள் பலவற்றில் ஏறுவதே இல்லை. புற்றுநோயோடு அதிகம் தொடர்புள்ள அதன் எல்3 வகையைப் பிரித்துக் காட்டுவது மைசூர் பருப்பிலிருந்து எடுக்கும் ஒரு புரதம். பிவ்கா-2 இன்னொரு மார்க்கர், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது கட்டி இல்லாமலே உயரும்.

உதாரணத்துக்கு, சிரோசிஸ் உள்ள 1,000 பேரில் 20 பேருக்குக் கட்டி என்று வையுங்கள். 80 சதவீதக் கட்டிகளைப் பிடித்து, கட்டி இல்லாதவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விடுவிக்கும் சோதனை 16 பேரைக் கண்டுபிடிக்கும், 98 பேரை வீணாகப் பயமுறுத்தும். அவர்களை சி.டி., எம்.ஆர்.ஐ. எடுத்துத் தெளிவுபடுத்திவிடலாம். சிரோசிஸோ ஹெபடைட்டிஸ் பி-யோ இல்லாதவருக்கு ‘முழு உடல் பேக்கேஜ்’ என்று இதைச் சேர்த்து விற்பதுதான் எரிச்சல். அவர்களிடம் கட்டி அபூர்வம் என்பதால், அங்கே வருவது கிட்டத்தட்ட எல்லாமே பொய் அபாயம்.

சிரோசிஸ் உள்ளவர்களும், ஹெபடைட்டிஸ் பி உள்ள 40 வயது கடந்த ஆண்களும் 50 கடந்த பெண்களும் 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் ஏ.எஃப்.பி.யும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி-யில் சிரோசிஸ் வராமலே கட்டி வரலாம். பழைய ரிப்போர்ட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள்: ஏ.எஃப்.பி. 6, 11, 18 என்று படியேறினால், 20-க்குள் இருந்தாலும் மருத்துவர் விட மாட்டார். முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் லேபில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில கருவிகளில் அது ஏ.எஃப்.பி. அளவைக் குறைத்துக் காட்டும்.

– மருத்துவ உயிர்வேதியியல் துறையினர் இருவர், மதுரை