சுவரை உயர்த்துமுன் ஆற்றுக்கு அகலம் கொடுக்கும் மாற்று வடிவமைப்பைப் பரிசீலிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆற்றங்கரைக் குடியிருப்புவாசிகள்

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
வெள்ளத் தடுப்புப் பிரிவு

பொருள்: கரையைப் பின்னுக்குத் தள்ளி அமைத்து, இடைப்பட்ட நிலத்தை வெள்ளம் பரவும் இடமாகவும் மக்கள் உலவும் பசுமை வெளியாகவும் வடிவமைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆற்றின் தடுப்புச் சுவரை இன்னும் உயர்த்தப் போவதாக அறிந்தோம். வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களைப் பறிகொடுத்தவர்கள் நாங்கள். எங்களுக்குப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். அதனால்தான் இந்த மனு.

சென்ற வெள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர் சுவரைத் தாண்டவே இல்லை. தெருவில் பெய்த மழைதான் ஆற்றில் இறங்க வழியில்லாமல் எங்கள் பக்கம் தேங்கியது. மதகைத் திறந்தால் ஆறு உள்ளே வந்துவிடும் என்று மூடி வைத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், சுவரின் உள்பக்கத்தில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. சுவரை உயர்த்தினால் இந்தத் தண்ணீர் எங்கே போகும்?

சுவர் வந்த பிறகு ஆறும் கண்ணில் படுவதில்லை. படித்துறை இருந்த இடத்தில் சிறுவர்கள் செங்கல்லை அடுக்கி, மேலே ஏறி எட்டிப் பார்க்கிறார்கள். யாரும் பார்க்காத ஆற்றில் குப்பை கொட்டுவது எளிது. அதுவும் நடக்கிறது.

நெருக்கிக் கட்டிய ஆற்றில் நீர்மட்டம் ஏறும், வேகம் கூடும், கீழே இருக்கும் ஊர்களுக்கு வெள்ளம் விரைவாகப் போய்ச் சேரும். இது தாங்கள் அறியாததல்ல. நெதர்லாந்தில் 1995இல் சுமார் 2.5 லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அணைகரை கட்டுவதில் பல நூற்றாண்டு அனுபவம் உள்ள நாடு அது. அதன்பின் அவர்கள் கரையை உயர்த்திக்கொண்டே போவதை விட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு இடம் விட்டார்கள். அங்கே நைமேகன் நகரில் வால் (Waal) என்ற ஆறு வளைந்து குறுகும் இடத்தில், எதிர்க்கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளி, பக்கத்தில் புதுக் கால்வாய் வெட்டினார்கள். பெருவெள்ளத்தில் நீர்மட்டம் 30 சென்டிமீட்டருக்கும் மேல் குறைகிறது. நடுவில் உருவான தீவு இப்போது பூங்கா. மக்கள் நடக்கிறார்கள், படகு விடுகிறார்கள்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஈசார் ஆற்றை 2000 முதல் 2011 வரை 8 கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படி மாற்றினார்கள். கரையை வலுப்படுத்தி, ஆற்றுப்படுகையை அகலமாக்கி, கூழாங்கல் கரைகளை ஆறே உருவாக்க விட்டார்கள்.

இடமில்லாத நெருக்கடியான நகரம் என்று சொன்னால், சிங்கப்பூரைப் பாருங்கள். பீஷான் பூங்காவை ஒட்டி ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் வாய்க்காலை உடைத்து, பூங்காவுக்குள்ளேயே 3 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். சாதாரண நாளில் ஓடை, பக்கத்தில் புல்வெளி. கனமழையில் அந்தப் புல்வெளியும் சேர்ந்து ஆறாகிவிடும். நீர் ஏறினால் எச்சரிக்கை ஒலி வரும். வேரும் கல்லும் கொண்டு கரையைப் பிடித்து நிறுத்தும் முறைகளை முதலில் 60 மீட்டர் நீளத்தில் சோதித்துப் பார்த்த பிறகே வேலையை ஆரம்பித்தார்கள். எங்களுக்கு மிகவும் பிடித்தது அந்த நிதானம்தான்.

சரி, எல்லா இடத்திலும் இது முடியாது. வீடுகள் நெருங்கிய இடத்தில் சுவர்தான் வழி. மரங்களை ஓட்டத்துக்குக் குறுக்கே அடர்த்தியாக நட்டால் அவையே தடுப்பாகிவிடும். கழிப்பறையும் மின்பெட்டியும் மேட்டில்தான் இருக்க வேண்டும். வெள்ளம் விட்டுப் போகும் சேற்றை அள்ள ஒவ்வோர் ஆண்டும் பணம் ஒதுக்க வேண்டும். நைமேகனிலும் சுமார் 50 வீடுகள் இடிக்கப்பட்டன. இங்கே ஒரு வீடு நகர்ந்தாலும், மாற்று இடமும் இழப்பீடும் கைக்கு வந்த பிறகே நகர வேண்டும்.

ஆகவே, ஒப்பந்தப்புள்ளி கோருமுன் கரையைத் தள்ளி அமைக்கும் மாற்று வரைபடத்தைத் தயாரித்து, இரண்டின் வெள்ள மட்டக் கணக்கையும் செலவையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டுகிறோம். பழைய படித்துறைப் பக்கம் காலியாகக் கிடக்கும் நிலத்தில் முதலில் ஒரு சிறு பகுதியைச் சோதனையாகச் செய்து பார்க்கலாம். வெள்ளம் எதுவரை ஏறியது என்று வீடு வீடாகக் காட்ட நாங்கள் தயார். தாங்கள் ஒருமுறை நேரில் வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆற்றங்கரைக் குடியிருப்புவாசிகள்