பாப்பாவுக்கு ஞானஸ்நானம் இல்லை, அக்கா

அக்கா,

சனிக்கிழமையோடு அப்பா போய் ஒரு வருஷம். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்: பாப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்போவதில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், அதனால் எழுதுகிறேன். ஊரே படிக்கிற இடத்தில் ஏன் எழுதுகிறாய் என்பாய். சபையில் பாதிப் பேர் என்னைப் பற்றிப் பேசி முடித்தாயிற்று, என் பக்கத்தையும் படிக்கட்டுமே.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்கேன் ரிப்போர்ட்டை உனக்கு விளக்கினேன். கணையத்தில் ஆரம்பித்துக் கல்லீரலுக்குப் போய்விட்டது, இனி ஆபரேஷன் கிடையாது. "ஏன்டா அப்பாவுக்கு?" என்று கேட்டாய். செல் பிரியும்போது டி.என்.ஏ. நகலாகும், நகலில் பிழை விழும், கேராஸ் என்ற மரபணுவில் விழுந்தால் வளரச் சொல்லும் கட்டளை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் அந்தப் பிழை இருக்கும் என்றெல்லாம் சொன்னேன். நீ கேட்டது அதை இல்லை என்று அப்போதே தெரியும். என்னிடம் சொல்ல இருந்தது அவ்வளவுதான். நீ ரிப்போர்ட்டை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து ஜெபிக்க ஆரம்பித்தாய். நான் கையை உருவிக்கொண்டேன்.

அதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று எழுதி எழுதி அழிக்கிறேன். கையை விட்டதில் வருத்தம் உண்டு, ஜெபத்தில் சேராததில் இல்லை. இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?

உண்மையில் எனக்குப் பொறாமைதான். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று 22ஆம் சங்கீதத்தைச் சொல்லி அழ உனக்கு எதிரில் ஒருவர் இருந்தார். மரபணுவிடம் போய் யார் அழுவது? ஆனால் ஒருவர் இருக்கிறார் என்றால் அவர் பதிலும் சொல்ல வேண்டும், இல்லையா? புழுவை உயிரோடு உள்ளிருந்து தின்னும் குளவியை அன்புள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என டார்வின் 1860இல் ஏசா கிரே என்ற அமெரிக்கத் தாவரவியலாளருக்கு எழுதினார். 1851இல் அவர் மகள் ஆனி பத்து வயதில் இறந்திருந்தாள். கிரே நல்ல விசுவாசி, அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடியவரும் அவரேதான். நம்பிக்கை வேறுபட்டும் நண்பர்களாக இருக்க அவர்களால் முடிந்தது, நம்மால் ஏன் முடியவில்லை?

"உன் மூளையும் குரங்கிலிருந்து வந்ததுதானே, அது சொல்வதை மட்டும் எப்படி நம்புகிறாய்?" என்று ஒருநாள் மடக்கினாயே, நான் சிரித்து மழுப்பினேன். நல்ல கேள்வி அது. டார்வினுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது, 1881இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிளான்டிங்கா என்ற கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் அதையே பெரிய வாதமாக வளர்த்தார். பள்ளத்தைத் தரையாகப் பார்த்த கண் பிழைத்திருக்காது, அதற்கு மேல் உள்ள விஷயங்களில் நான் தனி ஒரு மூளையை நம்புவதில்லை, கருவியை வைத்துப் பலர் சோதித்துப் பார்த்ததைத்தான் நம்புகிறேன். இது முழுப் பதில் இல்லை, தெரியும். கடவுள் இல்லை என்று எந்த ஆய்வுக்கூடமும் நிரூபித்துவிடவில்லை என்பதும் தெரியும். பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்று 1931இல் சொன்ன லெமைத்ரே ஒரு பாதிரியார்தான்.

இதெல்லாம் நாம் இரண்டு பேரும் பேசித் தீர்க்கலாம். அடக்கத்துக்கு மறுநாள் ஜெபத்தில் ஒருவர் (பேர் வேண்டாம், அவர் பிள்ளைகளும் படிப்பார்கள்) வீட்டில் ஒரு அவிசுவாசி இருந்தால் குணமாக்கக் கர்த்தரின் கரம் எப்படி இறங்கும் என்று கேட்டாரே, அதற்கு நீ ஆமென் சொன்னாய். சத்தமாக. யோபு பட்ட பாட்டுக்குப் பாவம்தான் காரணம் என்று அவர் சிநேகிதர்களும் இப்படித்தான் பேசினார்கள், யோபு புத்தகம் 42ஆம் அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது எலிப்பாஸ் மேலும் மற்ற இரண்டு பேர் மேலும். ஓய்வுநாள் பள்ளியில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நீதான்.

பாப்பா பெரியவளாகித் தானே கேட்டால் நீயே கூட்டிக்கொண்டு போ, நான் குறுக்கே நிற்க மாட்டேன். நோவா, யோனா கதையெல்லாம் சொல்லு, அத்தையைப்போல் கதை சொல்ல எங்களுக்கு வராது. தாத்தா ஏன் செத்தார் என்று கேட்டால் மட்டும் யாருடைய பாவத்தையும் இழுக்காதே. சரி, சனிக்கிழமை வருகிறோம். தேவசெய்தி கொடுக்கப்போவது அன்று அப்படிக் கேட்டவர்தான் என்றால் முன்னாலேயே சொல்லிவிடு, சாப்பாட்டு நேரத்துக்கு வந்துகொள்கிறோம்.

தம்பி