வடசென்னைத் தேவாலய வளாகங்களில் உள்ள பழைய படைவீரர் கல்லறைகளைக் கணக்கெடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை பகுதிகளில் பழங்கல்லறைகளை ஆய்வு செய்துவருவோர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சென்னை மாவட்டம்,
ராஜாஜி சாலை, சென்னை 600 001.

பொருள்: படைவீரர் கல்லறைகளைக் கூட்டாய்வு செய்தல், அடக்கப் பதிவேடுகளைப் படமெடுக்க உதவுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையின் பழைய தேவாலய வளாகங்களிலும் அவற்றைச் சேர்ந்த கல்லறைத் தோட்டங்களிலும் உள்ள படைவீரர் கல்லறைகளை, தண்டையார்பேட்டை வட்டாட்சியர் தலைமையில் கூட்டாய்வு செய்து பட்டியலிட ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். தொல்லியல் துறை, முன்னாள் படைவீரர் நல அலுவலகம், அந்தந்தத் திருச்சபை ஆகியவற்றிலிருந்து ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். களப்பணியைச் சம்பளமின்றி நாங்கள் செய்து தருகிறோம்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. தரையோடு பதித்த கல்லறைப் பலகைகள் மீது பேவர் பிளாக் போட்டு மூடிவிடுகிறார்கள். பளிங்குக் கல்லைப் 'பளிச்'சென்று ஆக்க பாத்ரூம் ஆசிட் ஊற்றுகிறார்கள். பளிங்கு சுண்ணாம்புச் சத்துள்ள கல் என்பதால் எழுத்தின் விளிம்பு ஒரே கழுவலில் கரைந்து மழுங்கிவிடும். செங்கல் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய கல்லறைகளுக்கு சிமென்ட் பூசுவது இன்னும் கேடு. கடற்காற்றின் உப்பும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சில மழைக்காலங்களில் செங்கல்லே பொடியாகி, சிமென்ட் ஓடு மட்டும் மிஞ்சும். பூச்சு வெடித்த இடத்தில் அரசங்கன்று வேர்விட்டால் பெயர்ப்பலகை இரண்டாகப் பிளக்கும். இவற்றைச் செய்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. கல்லறைத் திருநாளுக்கு இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் செய்கிறார்கள். சொல்லித்தர ஆளில்லை, அவ்வளவே.

கல் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 2018 வரை சட்டக் கல்லூரி இயங்கிய, இன்றைய உயர் நீதிமன்ற வளாகப் பகுதியில்தான் ஆங்கிலேயரின் முதல் இடுகாடு இருந்தது. 1758-59-ல் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளை மறைவாகப் பயன்படுத்தியதால், பின்னர் அவற்றை இடித்து, பலகைக் கற்களைக் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்தார்கள். கற்களை இன்றும் படிக்கலாம். எந்தக் கல்லுக்கு உரியவர் எங்கே கிடக்கிறார் என்று சொல்ல முடியாது.

பெரிய அதிகாரிகளைப் பற்றி எங்களுக்கு அவ்வளவு கவலையில்லை. மெட்ராஸ் மாகாணக் கல்லறைக் கல்வெட்டுகளை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905-ல் வெளியான பட்டியல் அவர்களில் பலரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் வரலாற்றுச் சிறப்புள்ளவை என்று கருதியவற்றை மட்டுமே அவர் சேர்த்தார். சாதாரண சார்ஜென்ட், டிரம்மர், பென்ஷன் வாங்கி ஊரோடு தங்கிவிட்ட சிப்பாய் ஆகியோருக்குக் கல்லும் தேவாலயப் பதிவேடும்தான் சாட்சி.

கல்லை மட்டும் பார்த்து ஆளை அடையாளம் காண முடியாது. பட்டாளத்தின் எண்ணே ஏமாற்றும். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் போரிட்ட 73-வது ரெஜிமென்ட் இங்கிலாந்து அரசரின் படை. 1903-ல் இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட மெட்ராஸ் காலாட்படைகளின் எண்களோடு 60 கூட்டப்பட்டபோது, பழைய 13-வது படை 73-வது கர்நாடிக் காலாட்படை ஆயிற்று. ஆக, ஆண்டு அழிந்த கல்லில் 73 என்று மட்டும் தெரிந்தால் நூறாண்டு தவறிவிடலாம். பதிவேட்டில் இறந்த நாள், அடக்க நாள், வயது, தொழில், பல இடங்களில் இறப்புக்கான காரணமும் இருக்கும். கல்லில் உள்ள நாளுக்கும் அடக்க நாளுக்கும் ஒருநாள் வித்தியாசம் இருப்பது இயல்பு. 1698 முதல் 1948 வரை மெட்ராஸ் மாகாணத்துப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. கத்தோலிக்கப் பங்கு ஆலயங்களின் பதிவேட்டு நகல்கள் அதில் முழுமையாக இல்லை. எனவே, கரையான் அரிக்கும் அந்த மூலப் பதிவேடு போனால் அதோடு முடிந்தது.

உலகப் போர்க் காலக் கல்லறைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 4.8.1914 முதல் 31.8.1921 வரையிலும், 3.9.1939 முதல் 31.12.1947 வரையிலும் பணியில் இருந்தபோது எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும், அந்த வீரரை, உலகப் போர்களில் இறந்த பிரிட்டன், இந்தியா முதலிய நாடுகளின் வீரர்களுடைய கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் நினைவுகூரக் கடமைப்பட்டது. நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் நாட்டின் பல இடுகாடுகளில் கிடக்கிறார்கள். இந்திய வீரர்கள் பலருடைய பெயர் எங்குமே பொறிக்கப்படவில்லை என்று அந்த ஆணையமே 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. நம் பகுதிக் கல்லொன்றில் அப்படி ஒரு பெயர் கிடைத்தால், ஆதாரத்தோடு அனுப்ப வேண்டிய பொறுப்பு நம்முடையது.

கூட்டாய்வில் பின்பற்ற வேண்டிய முறையையும் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு கல்லறைக்கும் மூன்று படங்கள்: முழுத் தோற்றம், எழுத்து மட்டும், சுற்றுப்புறத்தோடு. எழுத்தின் மீது வெயில் பக்கவாட்டில் விழும் நேரமே ஏற்றது. மரநிழலில் உள்ள கல்லுக்கு ஒரு நிலைக்கண்ணாடியால் ஒளியைத் திருப்பினால் போதும். சாக்பீஸோ கோலமாவோ தேய்க்கக் கூடாது, கம்பி பிரஷ் கூடவே கூடாது. வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். ஈய எழுத்துகள் உதிர்ந்த பளிங்கில் அவற்றைப் பிடித்திருந்த சிறு துளைகள் மிச்சம் இருக்கும். துளைகளின் வரிசையை வைத்தே பெயரைக் கூட்டிப் படிக்க முடியும். அதனால் அந்தத் துளைகளில் சிமென்ட் அடைக்காமல் இருப்பது முக்கியம். இருவர் தனித்தனியே படித்து ஒப்பிட வேண்டும்; 1-ம் 7-ம், 3-ம் 8-ம் அடிக்கடி குழப்பும். செல்போன் காட்டும் இடக்குறிப்பு சில மீட்டர் தள்ளிப்போகும், அதற்குள் இரண்டு கல்லறை வந்துவிடும். ஆகவே வாசல் தூண், தேவாலயச் சுவர் மூலை என இரண்டு நிலையான இடங்களிலிருந்து டேப் பிடித்து அளந்து எழுத வேண்டும்.

பதிவேடுகளை ஸ்கேனரில் கவிழ்த்தால் கட்டு விட்டுப்போகும். மேலிருந்து கேமராவில் எடுப்பதே சரி. பக்கம் புரட்ட ஒருவர், படமெடுக்க ஒருவர். புத்தகம் தேவாலயத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் ஆலோசனையும் தேவை.

தேவாலயங்கள் தனியார் இடம் என்பதை அறிவோம். எந்தக் கல்லையும் நகர்த்தவோ, பங்குத்தந்தை அல்லது ஆயரின் அனுமதியின்றி உள்ளே செல்லவோ நாங்கள் கேட்கவில்லை. தங்கள் அலுவலகத்திலிருந்து சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்துக்கும் தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயத்துக்கும் ஒரு கடிதம் சென்றால் கதவு திறக்கும். ஆசிட், சிமென்ட், எழுத்துக்குப் பெயின்ட் ஆகியவற்றைத் தவிர்க்கும்படியும், தரை போடும் முன் பலகைக் கற்களைப் படமெடுத்து அளந்துகொள்ளும்படியும் அதே கடிதத்தில் அறிவுறுத்தலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் களப்பணி முடியும்படி ஆணை பிறப்பிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இடம்: ராயபுரம், சென்னை