கழற்றிய காற்றாலையில் ஒன்று கல்லூரிக்கு

ஆசிரியருக்கு,

ஆரல்வாய்மொழிக் கணவாயில் 26 ஆண்டுகள் காற்றாலைப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஏணியில் 50 மீட்டர் ஏறியதும் முதல் வேலை, கியர் பெட்டி எண்ணெயில் ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்ப்பது. நறநறவென்றால் கியர் பல்லோ பேரிங்கோ தேய்கிறது என்று பொருள். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

என் அக்காள் மகன் மின்பொறியியல் இறுதியாண்டு மாணவன். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்று சூத்திரம் போட்டுக் காட்டினான். சரிதான். ஆனால் பாதுகாப்புப் பட்டையை எப்படி மாட்டுவது என்று கேட்டதும் விழித்தான். நான்கு ஆண்டுகளில் ஒரு காற்றாலையின் கதவைக்கூட அவன் திறந்து பார்த்ததில்லை. அவனைக் குறை சொல்லி என்ன பயன்? கல்லூரி மொட்டைமாடியில் நின்றாலே நூறு காற்றாலைகள் தெரியும்!

1990களில் நட்ட சிறிய காற்றாலைகளைக் கழற்றிவிட்டு, இப்போது பெரியவற்றை நிறுவுகிறார்கள். பழையவை இரும்புக் கடைக்குப் போகின்றன. அவற்றில் ஒன்றின், கியர் பெட்டி இருக்கும் தலைப்பகுதியை நெல்லை, குமரி மாவட்டப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கொடுத்துத் தரையில் வைத்தால், பிள்ளைகள் பிரித்து மாட்டிப் பழகலாம். பாடம் நடத்த எங்களைப் போன்ற கிழவர்களைக் கூப்பிடலாம், தேநீர் போதும்.

இறக்கைகள் கண்ணாடியிழையால் ஆனவை. இரும்புக் கடைக்காரர்கூட வாங்குவதில்லை. அவற்றை என்ன செய்வது என்பதை பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளட்டும்.

— ஓய்வுபெற்ற காற்றாலைப் பணியாளர், பணகுடி