பயண நிறுவனப் பலகைக்குப் பின்னால்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டனின் காலனியாக இருந்த ஹாங்காங் பற்றி எழுதுகிறவர்கள் 1997இல் அது சீனாவிடம் கைமாறியதோடு முடித்துக்கொள்கிறார்கள். அங்கே தைவான் நடத்திவந்த விசா அலுவலகத்தை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

1950 ஜனவரியில் பீஜிங்கின் கம்யூனிஸ்ட் அரசையே சீனாவின் அரசாக பிரிட்டன் அங்கீகரித்தது. அதன்பின் தைவானின் தைபே அரசு ஹாங்காங்கில் தூதரகப் பலகை மாட்ட முடியாது. ஆனால் இரு பக்கமும் உறவுக்காரர்கள், வியாபாரிகள். போக்குவரத்தை நிறுத்திவிட முடியுமா? அப்படிப் பிறந்ததுதான் 'சுங் ஹ்வா டிராவல் சர்வீஸ்'. பலகையில் பயண நிறுவனம். உள்ளே தந்ததோ தைவானுக்கு நுழைவு அனுமதி. பிரிட்டன் பார்த்தும் பாராததுபோல் இருந்தது. அந்த விட்டுக்கொடுப்பை நான் மெச்சுகிறேன். அதனால் எத்தனை குடும்பங்கள் ஒன்றையொன்று பார்த்திருக்கும்!

1995இல் சீன வெளியுறவு அமைச்சர் சியென் சிச்சென் ஹாங்காங்–தைவான் உறவு பற்றி அறிவித்த ஏழு அம்சங்கள், கைமாற்றத்துக்குப் பிறகும் அது நீடிக்க வழிவிட்டன. 2011இல் 'தைபே பொருளாதார, பண்பாட்டு அலுவலகம்' என்று வெளிப்படையான பெயரே கிடைத்தது.

பத்தே ஆண்டுகள். தைவானும் சீனாவின் பகுதியே என்னும் 'ஒரே சீனா' உறுதிமொழியில் கையெழுத்திட்டால்தான் தைவான் ஊழியர்களின் விசா புதுப்பிக்கப்படும் என்று ஹாங்காங் அரசு நிபந்தனை போட்டது. அவர்கள் மறுத்தார்கள். 2021 ஜூனில் ஏழு பேர் ஊர் திரும்பினார்கள். பிறருக்கு விசா வழங்கியவர்கள் தங்கள் விசாவுக்காகப் பணியை விட நேர்ந்தது எனக்குப் பெரும் வேதனை.

இந்த வரலாற்றை உங்கள் ஞாயிறு இதழில் விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், திருச்சி