யார் அந்த ‘அவன்’?

அன்புள்ள தம்பி,

உன் கதையை முதல் தடவை பஸ்ஸில் படித்தேன். அடகுக்கடைக் காட்சி வந்தபோது இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன். இதைவிடப் பெரிய பாராட்டு என்னிடம் இல்லை. அப்புறம் வீட்டில் பேனாவோடு உட்கார்ந்து படித்தேன். இனி வருவது திட்டு.

ஒன்பது வயது மகள் அப்பாவோடு கடைக்குப் போகிறாள். அவள் உயரத்துக்கு என்ன தெரியுமோ அது மட்டும்தான் முதல் மூன்று பத்திகளில் வருகிறது: கம்பி வலை, மேஜை விளிம்பு, சங்கிலியை உரைகல்லில் தேய்க்கிற விரல். நான்காவது பத்தியில் திடீரென்று, ‘அவன் அவமானத்தில் குறுகிப்போனான். அடுத்த மாத வட்டிக்கு யாரிடம் கேட்பது என்று மனம் கணக்குப் போட்டது’ என்கிறாய். யார் இந்த அவன்? கடைக்கு வேறு யாரோ வந்துவிட்டார் என்றே ஒரு நொடி நினைத்தேன்.

மகளுக்கு அவர் அப்பா. நம் வீடுகளில் அம்மா ‘வந்தாள்’, அப்பா ‘வந்தார்’. அது நியாயமா என்பது வேறு சண்டை. ஆனால் தமிழில் வினைமுற்றின் வாலே கதை சொல்பவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘குறுகிப்போனான்’ என்று எழுதிய அந்த இடத்தில் மகள் காணாமல் போய், நீ வந்து நிற்கிறாய். ஒரே பக்கத்தில் ‘அப்பா கடைக்குள் வந்தார்’ என்றும் ‘கடைக்குள் போனார்’ என்றும் இருக்கிறது. வந்தார் என்றால் அவள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாள். போனார் என்றால் இன்னும் படியில் நிற்கிறாள். அவளை எங்கே நிறுத்தியிருக்கிறாய் என்று முதலில் முடிவுசெய்.

அப்பாவின் அவமானத்தை எப்படிச் சொல்வது என்று கேட்பாய். கடைக்காரர் ‘உட்காருங்க’ என்கிறார். எங்கே போனாலும் முதலில் நாற்காலி தேடுகிற அப்பா இன்றைக்கு உட்காரவில்லை. மகள் கவனிக்கிறாள், காரணம் அவளுக்குப் புரியவில்லை. வாசகனுக்குப் புரிந்தால் போதாதா? அவளுக்குத் தெரியாததை நமக்குத் தெரியவைக்கத்தானே ஒரு குழந்தையைக் கூட்டிப்போனாய்?

எல்லார் மனசுக்குள்ளும் புகுந்து புறப்படுவது தப்பில்லை. பாட்டிகள் காக்காயின் மனசையும் சொன்னார்கள், நரியின் மனசையும் சொன்னார்கள். ஆனால் முதல் வரியிலேயே அந்த உரிமையை எடுத்துக்கொண்டார்கள். நீ நான்காவது பத்தியில் எடுத்துக்கொள்கிறாய்.

சரி, முழுக் கதையையும் ‘நான்’ என்று மாற்றிவிடலாமா என்று போனில் கேட்டாய். அவசரப்படாதே. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. அதை ஆசிரியர் வெளியே நின்று சொல்கிறார். கெட்டுப்போனதாக ஊர் சொல்லக்கூடிய மகளின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். பிறகு அவரே எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில், அதே நிலைமைக்கு ஆளான கங்கா ‘நான்’ என்று பேசுகிறாள். அங்கே அம்மா போட்ட கூச்சலில் விஷயம் வெளியே தெரிந்து, அவள் வாழ்க்கையே திசைமாறிவிடுகிறது. அந்தச் சிறுகதையும் ஓர் எழுத்தாளர் எழுதியதாக நாவலுக்குள் வருகிறது. கங்கா அதை ஒரு வாசகியாகப் படிக்கிறாள். வெளியே நின்றவர் தலையில் ஊற்றிய தண்ணீரோடு முடித்துவைத்ததை, அனுபவித்தவள் வருஷக்கணக்கில் சுமக்கிறாள். ‘நான்’ வந்ததும் கதையே வேறாகிவிட்டது, பார்த்தாயா? உன் கதைக்கு அது வேண்டுமா? ஒன்பது வயது ‘நானா’, முப்பது வயதில் திரும்பிப் பார்க்கிற ‘நானா’ என்ற கேள்வியும் உடனே வரும். பெரியவளுக்கு வட்டி தெரியும். அந்த நாற்காலி வீணாகிவிடும்.

இன்னொன்று, ‘என் முகம் சிவந்தது’ என்று மட்டும் எழுதிவிடாதே. கண்ணாடி இல்லாத இடத்தில் அவள் தன் முகத்தை எப்படிப் பார்ப்பாள்?

கடைசியில் அம்மாவின் கழுத்தைப் பார்த்து, ‘கயிறு புதுசாம்மா?’ என்று கேட்கிறாளே, அதில் கை வைக்காதே. அதற்குக் கீழே அம்மாவின் மனசுக்குள் போய் எழுதிய மூன்று வரிகளை அடித்துவிடு. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், திருத்திய பிரதியைக் கையில் கொடு.

அன்புடன்,
அண்ணன்